புரியலன்னு சொன்னவளுக்கு மெடலு

அந்த வாளிய இங்கன என் காலடியில தள்ளுங்க அக்கா, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல. தலகாணியும் கொண்டு போறியளா? அப்ப ஹாஸ்டல்தான். யூனிவர்சிட்டியா? அட, எனக்கும் அங்கனதான் ஒரு சோலி. போய்ச் சேர நேரமாவும், சாஞ்சு உக்காருங்க. பாப்பா ஜன்னலோரம் இருக்கட்டும். என்ன படிக்கப் போறா? எம்.எஸ்ஸி. கணக்கா! உங்க நல்ல நேரம், எம் பக்கத்துல வந்து உக்காந்திய.

இந்த டின்னா? முந்திரிக்கொத்து. எம் மகளுக்கு. மேல வச்சா உதுந்து போவும், மடியிலயே இருக்கட்டும். அவளும் இதே யூனிவர்சிட்டியில இதே கணக்குதான் படிச்சா. காந்திமதின்னு பேரு, மதின்னு கூப்பிடுவோம். அந்த வருசத்துல அவதான் எல்லாரையும் விடக் கூட மார்க்கு. ஆனா மெடலு ஒரு கூறுகெட்டவ கழுத்துக்குப் போச்சு. அந்தக் கதைய உங்ககிட்ட சொல்லிருதேன். இல்லன்னா இந்தப் பிள்ளையும் ஏமாந்து நிக்கும்.

பெரிய படிப்புல முதல்ல வரணும்னா மூளை வேணும்னு சில பேரு நினைச்சுக்கிட்டு இருக்காவ. மண்ணாங்கட்டி. மூளை எல்லாருக்கும் கொஞ்சம்போல இருக்கத்தான் செய்யுது. ஒழுங்குதான் கிடையாது. எம் மவள நான் ஹாஸ்டல்ல விடல, தெரியுமா? ஹாஸ்டல்ல பிள்ளைய எங்க படிக்கி? ஒருத்தி தலைய இன்னொருத்தி பின்னிக்கிட்டு, ராத்திரி பூரா கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு. நான் யூனிவர்சிட்டி வாசல்லயே ஒரு மாடி ரூமு எடுத்து, ஸ்டவ்வும் குக்கருமா அவகூடப் போயி உக்காந்துட்டேன். எங்க வீட்டுக்காரவுகள ஊருல தனியா பொங்கித் திங்க விட்டுட்டுத்தான். "அவ வளந்த பிள்ள வடிவு, விட்டுரு"ன்னாவ. அவிய எந்தக் காலத்துல எதத் தூக்கி நிறுத்துனாவ, அவிய பேச்சக் கேக்கதுக்கு?

ரெண்டு வருசத்துல ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை, ஒரு சடங்கு வீடு போயிருப்பாளா? அவ பெரியப்பா மக கல்யாணம், கூடவே வளந்த பிள்ள, வாசல்ல வந்து நின்னு அழுதா. "மதிக்கு டெஸ்ட்டு இருக்கு"ன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். டெஸ்ட்டு ஒண்ணும் இல்ல. ஆனா எப்ப வேணாலும் வைப்பாவள்லா?

படிக்கிற முறையக் கேளுங்க. காலையில காப்பி குடிச்சதும் அவ சுவத்தப் பாத்து நிப்பா, நான் புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு உக்காருவேன். தியரத்த மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒப்பிக்கணும். எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனா எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். ஒரு வார்த்தை தப்பாது எனக்கு. ஒரு நாள் புத்தகத்துல 'ஹென்ஸ்'னு போட்டிருக்கு, இவ 'தேர்ஃபோர்'ங்கா. நிப்பாட்டுனேன். "ஹென்ஸ் எங்க?"ன்னேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா"ங்கா. "ஒண்ணுன்னா புத்தகம் போட்டவனுக்குத் தெரியாதா, உனக்குத்தான் தெரியுமா? முதல்ல இருந்து சொல்லு"ன்னேன். சொன்னா. தோசை ஆறிப் போச்சு, இருந்தாலும் சொன்னா. அப்படி வளத்தேன் நான்.

பரிச்ச எழுதிட்டு வெளிய வந்தா, வினாத்தாள் எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டேன். "எத்தன அடிஷனல் ஷீட்டு வாங்குன?" இதுதான் என் கேள்வி. திருத்துறவன் என்ன, ஒவ்வொரு வரியா வாசிக்கவா போறான்? கட்டு கனமா இருக்கணும், தலைப்புக்கு ஸ்கெட்ச்சு பேனாவால அடிக்கோடு இருக்கணும், நூலு கட்டுன முடிச்சு நேரா இருக்கணும். பாப்பா, சிரிக்காத. சிரிச்சவளுவ எல்லாம் அரியர் வச்சுக்கிட்டு அலையுதாளுவ.

இப்படி ஒழுங்கா போய்க்கிட்டு இருந்த பிள்ளைக்குப் பக்கத்துல வந்து வாச்சா பாருங்க ஒருத்தி. ஆவுடையம்மாள். பேரக் கேளுங்க. இந்தக் காலத்துல எவளாவது ஆவுடையம்மாள்னு பேரு வச்சுக்கிட்டு எம்.எஸ்ஸி.க்கு வருவாளா? தலையில எண்ணெய் வழிய, ரப்பர் செருப்ப இழுத்துக்கிட்டு வருவா. அதையாவது விடுங்க, ஏழைப்பட்ட பிள்ள. ஆனா அவ கிளாஸ்ல பண்ணுற காரியம் இருக்கே! வாத்தியாரு போர்டு நிறைய எழுதி முடிச்சு சாக்பீஸ கீழ வைக்குமுன்ன, இவ எந்திரிச்சு நிப்பாளாம். "சார், எனக்குப் புரியல"ன்னுவாளாம். ஒரு நாள் இல்ல, தெனமும். வெக்கம் மானம் ஒண்ணும் கிடையாது. எம் மவ அந்த ரெண்டு வருசத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ புரியலன்னு சொல்லியிருப்பாளா? நாக்க அறுத்திருப்பேன்.

நான் சும்மா இருப்பனா? டிபார்ட்மென்ட் தலைவரு செல்லப்பா சார்கிட்ட நேராப் போனேன். "சார், இந்த மக்குப் பிள்ளையால மத்த பிள்ளைய நேரம் வீணாப் போவுது, கொஞ்சம் கண்டிச்சு வைங்க"ன்னேன். அவரு கண்ணாடியக் கழத்தித் தொடைச்சுக்கிட்டே சொல்லுதாரு, "அம்மா, போன வாரம் அந்தப் பிள்ள புரியலன்னு சொன்னப்புறம்தான், நானே வீட்டுக்குப் போயி அத மறுபடியும் படிச்சேன். எனக்கும் பாதிதான் புரிஞ்சிருந்துச்சு"ங்காரு. எப்படி இருக்கு? வாத்தியாருக்கே பாதிதான் தெரியுமாம்! அத வெளிய வேற சொல்லுதாரு! இவியட்ட பிள்ளைய அனுப்பிட்டு நாம வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கோம்.

அந்த ஆவுடை ஹாஸ்டல்ல சாயங்காலம் ஆனாப் போதும், எல்லாப் பிள்ளையளுக்கும் கணக்குச் சொல்லிக் குடுப்பாளாம். ஓசிக்கு. தனக்கே புரியலன்னு நின்னவ, அடுத்தவளுக்குச் சொல்லிக் குடுக்கா! கேட்டா, "சொல்லிக் குடுத்தாத்தான் எனக்கு எங்க புரியலன்னு தெரியுது"ம்பாளாம். இது என்ன பேச்சு? நம்ம நோட்ட அடுத்தவ பாத்தா நம்ம மார்க்கு அவளுக்குப் போவும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மதியோட நோட்ட ஒருத்தி கேட்டு வந்தா, "பேப்பர்க்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்"னு நான் சொல்லுவேன். மதி தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பா.

ஒரு நாள் நான் ரேஷன் சோலியா ஊருக்குப் போயிட்டு ஒரு பஸ்ஸு முந்தியே வந்துட்டேன். மாடியேறும்போதே சத்தம் கேக்கு. எம் மவ சிரிக்கா. அவ சிரிக்கிற சத்தம் எனக்கு மறந்தே போச்சு, வேற யாரோன்னு நினைச்சேன். உள்ள போயிப் பாத்தா, அவளும் அந்த ஆவுடையும் தரையில உக்காந்து, என் கோலமாவுக் கட்டிய வச்சு ரூமு பூரா கிறுக்கி வச்சிருக்காளுவ. கட்டிலுக்கு அடியில வரைக்கும் கணக்கு! மதி மூஞ்சியெல்லாம் வெள்ளை. "அம்மா, இங்க பாரேன், புத்தகத்துல ஒரு பக்கத்துக்குப் போட்டிருக்கிறத இப்படிச் சுத்தி வந்தா நாலு வரியில முடிஞ்சிரும் போலம்மா, இன்னும் ஒரே ஒரு இடம்தான் இடிக்கு"ங்கா. நாலு வரியா! நாலு வரி எழுதுனா அடிஷனல் ஷீட்டு எப்படி வாங்குறது? ஈரத் துணியப் போட்டு அம்புட்டையும் தொடைச்சேன். அந்த ஆவுடைய வாசல்ல நிக்க வச்சுக் கேட்டேன், "படிக்கிற பிள்ளைய ஏன் கெடுக்க?"ன்னு. அந்த மூதி சொல்லுதா, "மதிக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அம்மா"ன்னு. கணக்குப் பிடிக்கணுமாம்! நான் என்ன மாப்பிள்ளையா பாத்துக்கிட்டு இருக்கேன், பிடிக்கிறதுக்கு?

கண்டக்டர் தம்பி, சில்லறை அப்புறம் தாரேன், போ. இவன் ஒருத்தன், பேச்சு சூடு பிடிக்கையிலதான் வருவான்.

எங்க விட்டேன்? ஆங், மூணாவது செமஸ்டரு. ரிசல்ட்டு வருது. எல்லாத்துலயும் அள்ளிட்டா, ஒரு பேப்பருல மட்டும் இடிக்கி. என்னடின்னு உலுக்குனா, மெதுவாச் சொல்லுதா. அந்த நாலு வரிக் கணக்குதான் பரிச்சையில வந்திருக்கு. புத்தகத்துல உள்ளது மனப்பாடம்லா? கண்ண மூடிக்கிட்டு எழுத வேண்டியதுதான? எழுதலையாம். அவ வழியில போட்டுப் பாத்தாளாம். திருத்துனவன் முட்டை போட்டுட்டான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! ஒண்ணரை வருசம் நான் தொண்டை வத்தக் கத்துனதெல்லாம் வீணு. இவளா யோசிச்சாளாம்! யோசிக்கிறதுக்கா யூனிவர்சிட்டிக்கு அனுப்புறோம்?

சரி, போனது போச்சு, ரீவேல்யூவேஷன் போடுவோம்னேன். மறுபடி ஒருத்தன் திருத்துவான், அஞ்சோ பத்தோ கூடும். "வேண்டாம்மா"ன்னா முதல்ல. இருந்த மார்க்குக்கே அவதான் முதல்ல நிக்கா, ஆவுடை ரெண்டாவது. ஆனா ஒரு மயிரிழைதான் வித்தியாசம். மயிரிழைய நம்பி நான் தூங்க முடியுமா? நானே போயி அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்து முன்னால வச்சு, "போடு கையெழுத்த"ன்னேன். முன்னாடி படிச்சா. திருப்பிப் பின்னாடியும் படிச்சா. படிச்சிட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. சோறு வடிச்சு இறக்கிட்டு வாரேன், அப்பவும் அப்படியே இருக்கா. "என்னட்டி யோசிக்க?"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். போட்டுட்டா.

மார்க்கு ஏறிச்சுல்லா! கொஞ்சநஞ்சமில்ல, அந்தக் கணக்குக்கு முழு மார்க்கு. அவ போட்ட வழி சரிதானாம், ரெண்டாவது திருத்துனவரு செல்லப்பா சார்கிட்டயே விசாரிச்சாராம் இது யாரு பிள்ளன்னு. அத எல்லாம் யாரு கேட்டா? எனக்கு மார்க்கு ஏறிச்சு, அது போதும். மதி ஒரு மாதிரி ஆயிட்டா அன்னைக்கு. அந்தப் பேப்பரக் கையில வச்சுக்கிட்டு, "சரிதாம்மா, சரிதாம்மா"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. ஏறுன மார்க்கப் பாத்துத்தான் சந்தோசப்படுதான்னு நானும் அல்வா வாங்கித் தெரு பூராக் குடுத்தேன்.

கடைசி செமஸ்டரும் முடிஞ்சு, ரேங்க் லிஸ்ட்ட போர்டுல ஒட்டிட்டாவன்னு கேட்டு அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன். பட்டமளிப்புக்குக் கட்டணும்னு மாம்பழக் கலர் பட்டுச்சேலை எடுத்து வச்சாச்சு. போயிப் பாத்தா, மேல மொதப் பேரு ஆவுடையம்மாள். எம் மவ பேரு லிஸ்ட்டுலயே இல்ல. தேடித் தேடிப் பாக்கேன், இல்ல. கவுன்ட்டருல இருந்த பொம்பளகிட்ட சண்டைக்கு நின்னேன். அவ நகத்தப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "ரீவேல்யூவேஷன் போட்டவங்களுக்கு மார்க் உண்டு, ரேங்க் கிடையாது, மெடலும் கிடையாது. அப்ளிகேஷன் பின்பக்கம் போட்டிருக்கே, படிக்கலையா?"ன்னு. பின்பக்கத்த எவ படிப்பா அக்கா? நீங்க படிப்பியளா? முக்கியமானதுன்னா முன்னாடி போட வேண்டியதுதான? பிள்ளையள ஏமாத்தணும்னே பின்னாடி போட்டிருக்கானுவ.

அங்கன ஒரே கூட்டம். நான் கத்துதேன். அப்ப எம் மவ என் முழங்கையத் தொட்டுச் சொல்லுதா, "கத்தாதம்மா, நான் படிச்சேன்"ன்னு. எதட்டி படிச்சன்னேன். "பின்பக்கத்த. மெடல் போயிரும்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். என் வழி சரியா தப்பான்னு இன்னொருத்தர் பாத்துச் சொல்லணும்னு இருந்துச்சும்மா. அது தெரியாம அந்த மெடல வாங்கி நான் என்ன பண்ண?"

கேட்டியளா பேச்ச? மெடல வாங்கி என்ன பண்ணவாம்! நான் உக்காந்து உக்காந்து தேஞ்சு போனது அதுக்குத்தான? கைய நீட்டிட்டேன். அத்தன பேருக்கு முன்னால, கன்னத்துல. பெத்தவ அடிக்காம ரோட்டுல போறவளா அடிப்பா? அவ அழக்கூட இல்ல. அந்த ஆவுடை கூட்டத்துக்குள்ள இருந்து வந்தா, மெடல் வாங்கப் போற மகராசி, எம் மவ கையப் பிடிச்சா, ரெண்டு பேரும் ஹாஸ்டலப் பாத்து நடந்துட்டாளுவ. திரும்பிப் பாப்பான்னு நின்னேன். எனக்கு அப்ப நெஞ்சு அடைச்சுது அக்கா, பொய் சொல்லக் கூடாது. வெயிலு வேற.

அதோட சரி. நான் இல்லாத நேரத்துல அவ அப்பாகூட வந்து துணிமணிய எடுத்துக்கிட்டாளாம். பட்டுச்சேலைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டா. எங்கயோ வடக்க பெரிய இன்ஸ்டிட்யூட்டுல ஆராய்ச்சிக்குச் சேந்திருக்காளாம். இன்டர்வியூல மெடலு கேக்கலையாம், அந்த நாலு வரியத்தான் போர்டுல போடச் சொல்லிக் கேட்டாவளாம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு மட்டும் போனு வரும். எந்த ஊருன்னு கேட்டா, "அவ நல்லா இருக்கா வடிவு"ம்பாவ. அட்ரஸக் கேட்டா காது கேக்காத மாதிரி வெத்தலைய மடிப்பாவ. நான் கூப்பிட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்.

போன வாரம் அவிய குளிக்கப் போன நேரம் பாத்து போனு வந்துச்சு. எடுத்து மூச்சுக் காட்டாம காதுல வச்சேன். அப்பான்னு நினைச்சுக்கிட்டு என்ன சொல்லுதா தெரியுமா? "அப்பா, இன்னைக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, எனக்குப் புரியலன்னு சொல்லிட்டேன்ப்பா!"ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு. அன்னைக்கு மாடிப்படியில கேட்டனே, அதே சிரிப்பு. எனக்குப் பொறுக்கல. "வெக்கமா இல்லையாட்டி?"ன்னுட்டேன். வச்சுட்டா.

இப்ப யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். கூட ஆள் இல்லாமத்தான் இப்படிக் கெட்டுப் போறா. ஸ்டவ்வ எடுத்துக்கிட்டு நான் போயிர வேண்டியதுதான். இன்ஸ்டிட்யூட்டு வாசல்லயே ஒரு ரூமு பாத்தா சரியாயிரும். ஊரு தெரியணும், அவ்வளவுதான். தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. அந்த ஆவுடைதான். அவ நம்ம யூனிவர்சிட்டியிலயே செல்லப்பா சார்கிட்ட ஆராய்ச்சி பண்ணுதா, அதே ரப்பர் செருப்போட. மதிகூட தெனமும் பேசுவாளாம். நான் போயிக் கேட்டா, "மதிகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் அம்மா"ம்பா. போன மாசமும் அதத்தான் சொன்னா, அதுக்கு முந்துன மாசமும் அதத்தான் சொன்னா. அவ வாசல்ல நான் போயி நிக்கேன் பாருங்க, என் தலையெழுத்து.

இந்தா, ஸ்டாப்பு வந்துட்டு. வாளிய நான் எடுத்துக்கிடுதேன், நீங்க இறங்குங்க.

பாப்பா, இங்க வா. அந்தா வேப்பமரத்துக்கு அங்கிட்டுத் தெரியுதுல்லா, அதான் கணக்கு டிபார்ட்மென்ட். நீ புதுப் பிள்ள, உன்மேல சந்தேகம் வராது. உள்ள போயி ஆவுடையக்கான்னு கேளு. "மதியக்கா எங்க இருக்காங்க, அட்ரஸ் வேணும், ஒரு டவுட்டு கேக்கணும்"னு சொல்லு. டவுட்டுன்னா அவளுக்கு உசுரு, உடனே எழுதிக் குடுத்துருவா. நான் இந்த டின்ன வச்சுக்கிட்டு மரத்தடியிலயே நிக்கேன். நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லிராத, என்ன?

ஏன் தாயி, உங்கம்மா மூஞ்சியப் பாக்க? நான் இவ்வளவு நேரம் சொன்னதுல உனக்கு எது புரியல?